பதினோராவது பொருத்தம்

அவர் போனைத் தொடுவதற்கு முன்னால் கட்டைவிரலை நாக்கில் ஒற்றிக்கொள்வார். நோட்டுப் புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற ஆட்கள் செய்வார்களே, அந்த மாதிரி. கண்ணாடித் திரைக்கு எச்சில் எதற்கு என்று யாராவது கேட்டால், "கை காஞ்சு பூட்டா போனு கேக்க மாட்டேங்குது" என்பார். தன் போனோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன? நம் போனையும் வாங்கி அப்படித்தான் தள்ளுவார். திரும்பி வரும்போது திரையில் குறுக்கே ஒரு ஈரக்கோடு இருக்கும். துப்பட்டா நுனியில் துடைத்துக்கொள்வேன். துடைத்த பிறகு அந்த நுனி மேலே படாமல் ஆபீஸ் வரைக்கும் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த எச்சில்தான். கோபம் அப்புறம்தான் வரும்.

எங்கள் கம்பெனி பஸ் செங்கல்பட்டில் கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் நிறுத்தம் நிறுத்தமாக ஆள் ஏற்றிக்கொண்டு, வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் போகும். அவர் செங்கல்பட்டுக்காரர். முதல் நிறுத்தத்திலேயே ஏறி நடுவில் ஒரு ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடுவார். நான் ஊரப்பாக்கத்தில் ஏறுவேன். அதற்குள் பஸ் நிரம்பியிருக்கும். ஆனால் அவர் பக்கத்து இருக்கையில் மட்டும் ஒரு டிபன் பை உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு யாருக்கு எதைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறாரோ, அந்த ஆள் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பொத்தேரியிலிருந்து நின்றுகொண்டே வந்தவர்கள் அந்தப் பையை முறைத்துப் பார்ப்பார்கள். அவருக்கு உறைக்காது.

ஆபீஸில் அவர் நிர்வாகப் பிரிவு. அடையாள அட்டை தொலைந்தாலும், பஸ் பாஸ் வேண்டுமென்றாலும், ஏ.சி. அதிகம் என்று பெண்கள் புகார் சொன்னாலும் அவரிடம்தான் போக வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் முழுக்கைச் சட்டை, வாயில் கிராம்பு. பெண்களையெல்லாம் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எல்லாருக்கும் அவர் அண்ணன்.

அப்போது இணையத்தில் ஒரு தளம் இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால், உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஆசையாகச் செய்து வைத்திருக்கும் ஒரு வலைப்பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பிடித்திருந்தால் கட்டைவிரலை மேலே காட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் கீழே. நண்பர்களாகச் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் 'இதைப் பார்' என்று அனுப்பலாம், பேசிக்கொள்ளலாம். யாருக்கு யாரோடு ரசனை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சதவீதமும் காட்டும். பஸ்ஸில் பாதிப் பேரை அவர்தான் அதில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்டு எல்லாருக்கும் நண்பராகிவிட்டார். ஆகவே யார் எதற்குக் கட்டைவிரல் காட்டினாலும் அவருக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவருக்குக் கை ராசி இருந்தது. எனக்கு அவர் முதன்முதலில் அனுப்பியது, யாரோ ஒருவர் ஊர் ஊராகப் போய் மழைச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வைத்திருந்த பக்கம். தகரக் கூரையில் மழை, ஓட்டில் மழை, கார் கூரையில் மழை, வாழை இலையில் மழை. வேறு ஒன்றும் கிடையாது. வண்டலூர் சிக்னலில் பஸ் நின்றுகொண்டிருந்தது, வெளியே வெயில் கொளுத்தியது, நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மழையைக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒயரைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எப்போதும் அப்படித்தான். அனுப்பிய பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். படிக்கிற முகத்தைத்தான் பார்ப்பார். எந்த இடத்தில் புருவம் ஏறுகிறது, எந்த இடத்தில் உதடு பிரிகிறது என்று காத்துக்கொண்டிருப்பார். முடித்ததும் கேள்வி ஒன்று வரும்.

"ஏன் புடிச்சிது?"

பிடித்தது என்று சொன்னால் போதாது. ஏன் என்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நானும் சொன்னேன். "தகரத்துல பெய்யிற மழை கோபமா இருக்குண்ணே. ஓட்டுல பெய்யிறது சமாதானமா இருக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். ஏதோ நல்ல பண்டத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி.

டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரையும் விடவில்லை. தென்னமெரிக்க மலைச்சரிவில் பஸ் ஓட்டுகிறவர்கள் எடுத்த வீடியோக்களாகச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து, டீ குடிக்க நிற்கும்போது காட்டுவார். "இன்னாண்ணாத்த இது! கீழ பாத்தா பாதாளம், இவன் ஒத்தக் கையில ஓட்டிகினு போறான்!" என்று டிரைவர் வாயைப் பிளப்பார். அன்றைக்கெல்லாம் மாம்பாக்கம் வளைவுகளில் எங்கள் பஸ்ஸும் ஒற்றைக் கையில் போகும். நாங்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம்.

என்னோடு வேலை பார்த்த ரஸியாவும் செங்கல்பட்டுதான். அவளுடைய அத்தா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவள் அத்தர் பூசிக்கொண்டு வருவதைக் கவனித்துவிட்டு, வாசனைத் திரவியம் காய்ச்சுகிறவர்களின் பக்கம் ஒன்றை அவளுக்கு அனுப்பினார். மறுநாள் டிபன் பை அவளுக்காகக் காத்திருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அதோடு தளத்திலிருந்தும் விலகிவிட்டாள். ஏன்டி, நல்ல பக்கம்தானே என்று கேட்டேன்.

"நல்ல பக்கம்தான். ஆனா அந்தாளு என் கழுத்தாண்ட மூக்கை வெச்சு மோந்து பாத்த மாதிரி கீது. எனக்கு வேணாம்பா."

எனக்கு அன்றைக்கு அவள் ரொம்ப மிகைப்படுத்துகிறாள் என்று தோன்றியது. பாவம், வீட்டில் பேச ஆளில்லாத மனுஷன், நமக்காக மெனக்கெடுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் ஆளில்லாமல் இல்லை. ஒரு பொங்கலுக்கு மறுநாள் நானும் ரஸியாவும் கொளவாய் ஏரிப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். தனியாகப் போக மாட்டேன் என்று சொல்லி நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி நல்ல சிரித்த முகம். காபி கொடுத்தார். நான் சும்மா இருக்காமல், "உங்களுக்கு என்னக்கா அனுப்புவார்?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கா? எனக்கு இன்னா அனுப்பப் போறாரு. எனக்கு இன்னா புடிக்கும்னு நீயே அவரைக் கேளேன், சொல்றாரா பாக்கலாம்."

அவர் போனிலிருந்து தலையை எடுக்காமலே சிரித்தார். "அவளுக்கு இன்னா? அவளுக்கு எல்லாம் புடிக்கும்."

அந்த அம்மாள் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ரஸியா என் கையைக் கிள்ளினாள்.

இப்போது அந்த வேலையையெல்லாம் போனே செய்கிறது. நாம் ஒன்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் போதும், அதே மாதிரி நூறைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எல்லாரும் அதைத் திட்டுகிறார்கள். எனக்கு அதன்மேல் பெரிய வெறுப்பு இல்லை. அது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை, ஏன் பிடித்தது என்று கேட்பதில்லை. அந்த வகையில் மரியாதையான ஜென்மம்.

அந்த 'ஏன்' போகப் போக எனக்கு அலுத்துவிட்டது. காலையில் எழுந்து, குளித்து, ஓடி வந்து பஸ் ஏறி, அரைத் தூக்கத்தில் உட்கார்ந்தால், "உனக்குன்னே ஒண்ணு கீது, தங்கச்சி" என்று ஆரம்பிப்பார். ஒருநாள் கலங்கரை விளக்கங்களைப் பற்றிய பக்கம் ஒன்று. எனக்கு அதில் ஒரு நாட்டமும் இல்லை. உயரம் என்றாலே தலை சுற்றும். ஆனால் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதற்கும் ஏன் என்று கேட்பார், அது இன்னும் நீளும். ஆகவே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாயில் வந்ததை அளந்தேன்.

"சின்ன வயசுல மாமல்லபுரம் லைட்ஹவுஸ்ல ஏறும்போது பாதிப் படியில அம்மா கையை விட்டுட்டேண்ணே. ஒரே இருட்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா தூக்கிட்டு மேல போயிட்டாங்க. மேல போய்க் கடலைப் பாத்ததும் அழுகை நின்னு போச்சு."

பச்சைப் பொய். அந்த லைட்ஹவுஸில் நான் இன்றுவரை ஏறியதில்லை. அவருக்கு அன்றைக்கு முழுத் திருப்தி. வெள்ளைக்காரம்மா என்ன நிறத்தில் உடுப்பு போட்டிருந்தார் என்றுகூடக் கேட்டார். மஞ்சள் என்றேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அச்சு. சம்பளம், சொந்த வீடு, கார் வாங்கப் போவது. அதற்கு மேல் ஐந்து நிமிஷம் பேச்சு ஓடாது. எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், 'இன்னைக்கு ஒண்ணு பாத்தேன், கேளு' என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். அப்பா இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். இதை நான் பஸ்ஸில் அவரிடம் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும்தான் சொல்லியிருந்தேனே.

பிறகு தளத்தில் புதிதாக ஒரு பையன் என்னோடு நண்பராகச் சேர்ந்தான். அணுபுரம் குடியிருப்பில் இருப்பவன், அங்கேயே வேலை. ரசனைப் பொருத்தம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காட்டியது. அப்படி ஒரு எண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மழைப் பக்கத்துக்குக் கட்டைவிரல் காட்டியிருந்தான். நான் ரசித்த பழைய பூட்டுகளின் பக்கத்துக்கும் காட்டியிருந்தான். பேச ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மணிக்கணக்காகப் பேசுவோம். என்ன எழுதினாலும் அதற்குச் சரியான பதில் வந்தது. முதல் வேலையில் கழிவறைக்குப் போய் அழுததை, கண்ணாடியில் என் பல்வரிசையைப் பார்க்கப் பிடிக்காததை, அம்மாவிடம்கூடச் சொல்லாத இன்னும் சிலவற்றை அவனுக்கு எழுதினேன். அவன் ஆறுதல் சொன்ன விதம் அவ்வளவு பதமாக இருந்தது.

கொஞ்ச மாதம் கழித்துச் செங்கல்பட்டு அண்ணன் தட்டில் பழம், பூவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், தங்கமான பையன், அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். பெயரைக் கேட்டால் அவனேதான். "உலகம் எவ்ளோ சின்னது பாத்தியா!" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். அப்பா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் குறுக்கே புகுந்து, "அண்ணாத்த, பதினோராவது பொருத்தம்னு ஒண்ணு கீது. ரசனைப் பொருத்தம். அது இந்த ரெண்டு பேருக்கும் நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அந்த மனுஷன் காலில் விழச் சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பூ வைக்க நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் மாமல்லபுரம் போய் வர அம்மா சம்மதித்தாள். நேரில் அவன் அதிகம் பேசவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். பொழுது சாய்ந்து லைட்ஹவுஸ் விளக்கு சுற்ற ஆரம்பித்ததும் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரலில் சொன்னான்.

"எனக்கு லைட்ஹவுஸ்னா ரொம்பப் புடிக்குங்க. சின்ன வயசுல இங்க ஏறும்போது எங்கம்மா கைய விட்டுட்டேன். ஒரே இருட்டு. ஒரு வெள்ளக்காரம்மாதான் தூக்கிகினு மேல போனாங்க. மஞ்ச டிரெஸ்ஸு. கடலைப் பாத்ததும் அழுகை நின்னுபோச்சு."

என் கையில் சுண்டல் பொட்டலம் அப்படியே இருந்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் சொன்ன பொய்க்கு இன்னொரு ஆள் சாட்சி சொல்கிறான். பிறகு பொட்டலத்தை மணலில் வைத்துவிட்டேன். தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டிபன் பை எனக்காக இடம் பிடித்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னா, லைட்ஹவுஸ் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"அண்ணே, நான் லைட்ஹவுஸ்ல தொலஞ்சு போனதே இல்ல. உங்க தொல்லை தாங்காம சொன்ன பொய் அது. அவரு அதைத் தனக்கு நடந்ததா சொல்றாரு."

வேறு யாராக இருந்தாலும் முகம் செத்திருக்கும். இவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பாரேன்! பொய்யா அது? எனக்கே தெரியல. அடக்கமா பேசுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எல்லாத்தையும் மொத நாளே கொட்டிட்டானா?"

"நான் உங்ககிட்டச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"குடுக்காம? அவன் வேலைக்குப் போவான், வருவான், துன்னுவான், தூங்குவான். நல்ல பையன். ஆனா உனக்கு அஞ்சு நிமிசத்துல போரடிச்சுடும். அதான் தயார் பண்ணேன்." குரலைத் தாழ்த்தி, எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி தொடர்ந்தார். "இதுல தப்பு இன்னா கீது? மூல நட்சத்திரம்னா ஒரு பாதம் தள்ளி எழுதுறாங்க. செவ்வாயைக் கட்டம் மாத்தி வெக்கிறாங்க. அதுல எத்தினி கல்யாணம் நடந்து புள்ள குட்டியோட கீறாங்க. பத்துப் பொருத்தத்தைத் திருத்தலாம், பதினோராவதைத் திருத்தக்கூடாதா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை அவர் எனக்கு எழுதினதெல்லாம்?"

"அவனுக்கு டைப் அடிக்க எங்க வரும்? வூட்டுக்கு வருவான், போனை எங்கிட்டக் குடுத்துட்டு டி.வி. பாத்துகினு இருப்பான்." கட்டைவிரலை நாக்கில் ஒற்றித் தன் போனை எடுத்தார். அப்புறம் அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "நீகூட எவ்ளோ எழுதின! வரிக்கு வரி பதில் போட்டியே. மெய்யா சொல்லு தங்கச்சி. புடிச்சுதா இல்லியா?"

அத்தனை மத்தியானமும் நான் இந்த ஆளிடம்தான் பேசியிருக்கிறேன். என் பல்வரிசையையும் என் அழுகையையும் இந்த ஆள் படித்துவிட்டு, மறுநாள் காலையில் கிராம்பை மென்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறான். நான் யாரை நினைத்துச் சிரித்துக்கொண்டே தூங்கப் போனேனோ அது இவன்தான். தங்கச்சி, தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே. இனி அவனுக்கு 'ர்' விகுதி போட எனக்குக் கை வரவில்லை.

மாம்பாக்கத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். "இன்னாம்மா, காலைல நாஸ்தா ஒத்துக்கலியா?" என்று டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். ரஸியா இறங்கி வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "எலுமிச்சம்பழம் இருந்தா மோந்து பாக்கச் சொல்லு" என்றான்.

வீட்டில் சொன்னேன். சொல்வது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், யாரும் என்னைத் தொடவில்லை, திட்டவில்லை, ஒன்றும் திருடிக்கொண்டு போகவில்லை. அப்பா கேட்டதும் அதைத்தான். "அவன் இன்னது இன்னது உனக்குப் பிடிக்கும்னு பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான். அதுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவாங்களா? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. சத்திரத்துக்குச் சொல்லியாச்சு. பையன் என்னம்மா தப்பு பண்ணான்?"

அம்மா மட்டும் வேறு மாதிரி பேசினாள். "அந்தாளு எச்சக்கலைதான். சந்தேகமே இல்ல. ஆனா பையன் உன்னைப் பிடிச்சுப் போய், எங்க நீ கிடைக்காமப் போயிடுவியோன்னு பயந்து தலையாட்டியிருந்தா? அவனை மட்டும் தனியா உக்கார வெச்சு நேருக்கு நேரா கேளு. அப்புறம் நீ என்ன சொல்றியோ அதுதான்."

எனக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் பேசாமல் சுண்டலை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டதில் ஒரு பாவம் இருந்தது. இனிமேல் அவன் வாயிலிருந்து அவனுடைய சொல்லாக ஒன்றே ஒன்று வந்தாலும் போதும், மற்றதைக் கழுவி ஊற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே கடற்கரை. அந்தப் பையன் எனக்கு முன்னாலேயே வந்து, சலவைச் சட்டையில் மணல் ஒட்டாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் கேட்பதற்கு முன்பே, "சாரிங்க" என்றான்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தாங்க. உங்க போட்டோவைப் பாத்ததுமே புடிச்சுப் போச்சு. நான் பேசினா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு மாமா சொன்னாரு. அதான் அவரே பேசினாரு."

அவன் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"சரி, அதை விடுங்க. இப்ப மாமா இல்ல. தளம் இல்ல, போனும் வேண்டாம். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அவன் யோசித்தான். அலை வந்து வந்து போனது. ஒரு வெள்ளைக்காரர் குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். நெற்றியில் அவனுக்கு வியர்த்தது.

"பெரிசா ஒண்ணும் வேணாங்க. சாப்பாட்டுல என்ன பிடிக்கும்? மீனா, கோழியா? லீவு நாள்ல என்ன பண்ணத் தோணும்?"

"எது சொன்னா உங்களுக்குப் புடிக்குங்க?"

"எனக்குப் பிடிக்க வேண்டாம். உங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்."

உதட்டைக் கடித்தான். கடலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு சட்டென்று அவன் முகம் தெளிந்தது. எனக்கும் மூச்சு வந்தது. எழுந்து பேண்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டான்.

"ஒரு நிமிசம் இருங்க. மாமா அந்த எளநீக் கடையாண்டதான் நிக்கிறாரு. கேட்டுனு வந்துடறேன்."

சொல்லிவிட்டு, சூடான மணலில் செருப்பைக்கூட மாட்டாமல் கடையைப் பார்த்து ஓடினான்.